படையலில் சிவப்புக் கார்

ஆவணி, வெள்ளிக்கிழமை.

இந்தக் கார்களால் வீட்டில் சண்டை வருமென்று நான் அன்றைக்கே சொன்னேன். மச்சான் துபாயில் சேர்த்தவை. பொம்மைப் பாதையில் வெட்டிய கோட்டுக்குள் கரண்டில் ஓடுகிற, அந்தக்காலப் பந்தயக் கார்களின் குட்டி உருவங்கள். அசல் காரையே ஓட்டியவன் நான், எனக்குத் தெரியாதா?

இன்று மச்சானுக்குப் படையல். அவருக்குப் பிடித்த சிவப்புக் காரை அவர் மகன் இலைக்குப் பக்கத்தில் வைத்தான். தங்கச்சி அதை எடுத்து வெளியே வீசப் போனாள். "என் மூஞ்சியப் பாத்ததவிட இதத்தானே அண்ணே பாத்துக்கிட்டு இருந்தாரு! இங்கனயும் இதுவா?"

"பொறு ஆத்தா. அதுக்கு உன் பேருதான் வச்சிருக்கேன்னு ஆஸ்பத்திரியில கடைசியா என்கிட்டச் சொன்னாரு" என்றேன்.

அழுதாள். காரில் கடற்காற்றால் படிந்திருந்த உப்பை முந்தானையால் துடைத்து, தானே படத்துக்கு முன்னால் வைத்தாள். நான் மட்டும் வாய் திறக்காவிட்டால் படையலே நின்றிருக்கும்.

தூக்கம் வரவில்லை. மச்சான் அப்படி எதுவும் சொல்லவில்லை. தண்ணி மட்டும்தான் கேட்டார்.