அமானிதப் பார்சலை அவிழ்ப்பது பற்றி

கபுறுக் குழியில் ஓய்ந்திருக்கும் என் பிரியமான மச்சான் ஹனீபாவுக்கு ஸலாம்.

வாழ்க்கையில் ஒரே தடவை மக்காவுக்கு உம்றாப் பயணம் போய்வந்த நீ, சாய்ந்தமருதில் எங்கள் தெருவில் யார் விமானம் ஏறினாலும் புத்தி சொல்லாமல் விட்டதில்லை. பாஸ்போர்ட் பிரதியை வேறு பையில் வை, மருந்தோடு டாக்டர் எழுதிய துண்டையும் வை, குடிவரவு அதிகாரியிடம் பகிடி விடாதே. கடைசியைச் சொல்லும்போது என்னைத்தான் பார்ப்பாய்.

மற்றவர் தரும் பார்சலை அவிழ்க்காமல் எடுக்காதே என்பதும் உன் சட்டம். நம்மூரில் விமானம் புறப்படுவதே தெருவின் மாசிச் சம்பலைக் கொண்டுபோகத்தான். ஆளும் கூடப் போகிறார். நம்பித் தந்த அமானிதத்தை அவிழ்த்தால் தந்தவரைக் கள்ளனாக்கியதாகிவிடும். நீ எப்படித்தான் சமாளித்தாய்?

நீ மௌத்தான பிறகு நானும் உன் தங்கச்சியும் கட்டாருக்குப் புறப்பட்டோம். அங்கே இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறக்கும் நாள் நெருங்கியிருந்தது. அங்கே அவளோடு நிற்க வேறு பெண்துணை இல்லை. பக்கத்து வீட்டு ஜெசீமா ராத்தா, அங்கே வேலை செய்யும் தன் மகனுக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தா. முழுக்க டேப் சுற்றியிருந்தது.

"ராத்தா, ஒருக்கா அவிழ்த்துப் பார்ப்பமே."

"என்ன தம்பி, கஞ்சாவா கட்டித் தந்திரிக்கன்?"

"என்ட காக்கா ஹனீபாட சட்டம் ராத்தா," என்றாள் உன் தங்கச்சி குசினி அடுப்படியிலிருந்து. "என்ட பெட்டியையே இவர் ரெண்டு தரம் கிண்டிட்டார்."

டேப்பை வெட்டி அவிழ்த்தேன். சம்பல், இனிப்புத் தொதல், சுருட்டிய பனியன். பனியனுக்குள்ளே மாத்திரை அட்டைகள்.

"டாக்குத்தர் எனக்கு எழுதினது. மகனுக்கும் குனிய ஏலாத நாரி நோவு. அதான் மிச்சத்த அனுப்பிறன்."

மருமகனுக்குப் போன் எடுத்தேன். அந்த மாத்திரை அங்கே கடும் கட்டுப்பாடு, அடுத்தவர் பெயரில் எழுதியதைக் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பிடித்து வைப்பார்கள் என்றார்.

"அப்ப ஒங்களப் புடிச்சிருந்தா புள்ளக்கிட்ட ஆரு நிண்டிரிப்பா?" என்றா ராத்தா. பிறகு மாத்திரைகளை மடியில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தன் கையாலேயே கட்டித் தந்தா.

கட்டார் விமான நிலையத்தில் அதிகாரி எங்கள் பெட்டியைத் திறக்கத்தான் செய்தார். சம்பல் வாசம் பட்டதும் மரியாதையாக மூடிவிட்டார். மறுநாளே மகளுக்கு நோவு கண்டது. உன் தங்கச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்பிள்ளை, மச்சான். மூக்கு உன்னுடையது என்கிறார்கள். நான் கருத்துச் சொல்லவில்லை. அந்த அறையில் உன் தங்கச்சி நின்றது உன்னால்தான். உன் சட்டத்தை நீ இருக்கும்போதே மெச்சியிருந்தால் இன்னும் பத்துச் சட்டம் சொல்லியிருப்பாய் இல்லையா?

உன் மகனுக்கும் கட்டார் விசா வந்துவிட்டது. பெருநாள் கழியப் புறப்படுகிறான். உன் மனைவி இப்போதே பொதி கட்டத் தொடங்கிவிட்டா. என்னைக் கண்டால் டேப்பை ஒளிக்கிறா. எவ்வளவு கோபித்தாலும் சரி, அவன் பெட்டியை அவ முன்னாலேயே அவிழ்த்துப் பார்த்துத்தான் வழியனுப்புவேன். இது என் வாக்கு.

உன் தங்கச்சியின் கணவன்,
மச்சான் நஸீர்