உன் கட்டம்போட்ட சட்டையின் இன்னொரு பாதி

என் உயிர் மாமாவுக்கு,

உன் லாரிக்கு டர்போ மாட்டியாச்சு. இந்த ஒரு சேதியைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீ இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. பக்கத்து சீட்டில் இருக்கிற ஆளுக்கு எவனாவது கடிதம் எழுதுவானா? இப்போது நீ காசிமேட்டுக் கல்லறையில் படுத்துவிட்டாய். நானோ வாயாடி. யாரிடம் போய்ச் சொல்ல?

அக்கா நன்றாக இருக்கிறாள் என்று பொய் சொல்ல மாட்டேன். சாப்பிடுகிறாள், கோயிலுக்குப் போகிறாள், தெருக்குழாயில் சண்டை போடுவதை மட்டும் விட்டுவிட்டாள். உன் பெண்டாட்டி ஸ்டெல்லா குடத்தை ஓரமாக வைத்து மற்றவர்களுக்கு வழிவிடுகிறாள் என்றால் நீயே புரிந்துகொள். செல்போன் ஒன்று வாங்கியிருக்கிறாள். அதில் மிஸ்டு கால் கொடுக்க மட்டும்தான் தெரியும். எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் வண்டி வரிசை இப்போது திருவொற்றியூரைத் தாண்டி நிற்கிறது. நீ இருந்தால் அந்த வரிசையில் இருக்கிற அத்தனை டிரைவரோடும் சண்டை போட்டு, அத்தனை பேரோடும் டீ குடித்திருப்பாய்.

வண்டி ஐந்து மாதமாகத் தண்டையார்பேட்டைக் குடோன் சுவரோரம்தான் நின்றது. போன வாரம் அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரே பேச்சாகச் சொன்னாள்.

"அவுரு பட்டறைல குட்த்த டர்போவ வாங்கியாந்து மாட்டிப் பாரு. ஓட்னா ஓடட்டும். இந்த வாட்டியும் பூட்சுன்னா காயலான் கடைக்குக் குட்த்துடு. அது அப்டி மொகத்த தொங்கப் போட்டுகினு நிக்கிறத என்னால பாக்க முடியல."

காயலான் கடை! உன் வண்டியை வெட்டி எடை போடுவார்களா? அந்த டர்போ முதல் தடவை போனதே என்னால்தான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்காவுக்கு மட்டும் நீ சொல்லவில்லை.

டர்போ என்றால் என்னடா என்று அக்கா கேட்டாள். "புகை போற வேகத்துல ஒரு சின்ன சக்கரம் சுத்தும், அது எஞ்சினுக்குக் காத்து ஊதும், அதுதான் வண்டிக்கு மூச்சு" என்றேன். பாரத்தோடு வந்து நிறுத்தினால் அந்தச் சக்கரம் கொதித்துக் கிடக்கும். ரெண்டு நிமிஷம் எஞ்சின் சும்மா ஓடினால்தான் எண்ணெய் பாய்ந்து அது ஆறும் என்பதையும் சொன்னேன். நீ என்னிடம் ஆயிரம் தடவை சொன்னதுதான். நான் கேட்டேனா? வண்டி நின்றதும் பட்டென்று அணைத்துவிட்டு இறங்கி ஓடுவேன். "நீ குந்திகினு ரெண்டு நிமிசம் எண்ணு மாமா, எனக்கு வேல கீது" என்று கிண்டல் வேறு.

எண்ணூர் போகிற வழியில் வண்டி விசில் மாதிரி கத்திக்கொண்டு நீலப் புகையாகக் கக்கியதே, அன்றைக்காவது நான் வாயை மூடியிருக்கலாம். "கெயட்டு வண்டிய வெச்சிகினு என்ன கொற சொல்லாத" என்று அத்தனை பேர் எதிரில் கத்தினேன். நீ திட்டவில்லை. "இனிமே நீ சாவியத் தொடாத" என்றாய். அவ்வளவுதான். அதுவே நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சாகப் போய்விட்டது, மாமா.

மறுநாள் நீ ஒண்டியாக அந்த டர்போவைக் கழற்றியதை எதிர் டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டு இருந்தேன். கைக்கு வாட்டமில்லாத ஒரு போல்ட்டோடு நீ மல்லுக்கட்டினாய். ஒரு தடவை நிமிர்ந்து கடைப் பக்கம் பார்த்தாய். நான் கிளாசுக்குள் பார்த்தேன். எழுந்து வந்து ஒரு ஸ்பேனர் பிடித்திருந்தால் என்ன குறைந்து போயிருப்பேன்? நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் படி இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நீ சரிபார்க்கக் கொடுத்திருந்த டர்போவை வாங்கப் போனேன். பட்டறை பாய்க்கு நீ இறந்த சேதியே தெரியாது. "இன்னா நைனா, அந்தோணி குட்த்த சாமான் அஞ்சு மாசமா இங்க தூங்கிகினு கீது, ஆளையே காணோம்" என்று சிரித்துக்கொண்டே வந்தார். நான் சொன்னதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "காஞ்ச டர்போவோட வண்டிய எடுத்துடாத. மொதல்ல எண்ணெ ஊத்து, கையால சுத்து, அப்பறம்தான் சாவி" என்றார்.

நேற்று காலையில் மாட்டினேன். அவசரப்படவில்லை, சத்தியமாக. கேஸ்கட் புதுசு. எண்ணெய் வருகிற குழாய், இறங்குகிற குழாய் ரெண்டையும் டீசல் விட்டுக் கழுவினேன். கேனால் எண்ணெய் ஊற்றி விரலால் சுற்றினேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது. ஏர் ஃபில்டரிலிருந்து வருகிற குழாயின் வாயில் நீ கட்டியிருந்த பாலிதீனை அவிழ்த்துவிட்டு, டர்போவோடு சேர்த்துக் கிளாம்பு போட்டு இறுக்கினேன்.

நம்ம சட்டமும் ஞாபகம் இருந்தது. முன்பு ஒரு தடவை எஞ்சினுக்குள் துணி இருப்பது தெரியாமல் நான் சாவியைத் திருப்பி வைத்தேனே, அதிலிருந்து நீ போட்ட சட்டம். குழாய்க்குள் துணி அடைத்தால் அதை ரெண்டாகக் கிழிக்க வேண்டும். பாதி குழாயில், பாதி ஸ்டீரிங்கில். ரெண்டு பாதியும் ஒன்று சேராமல் சாவியைத் தொடக்கூடாது. கேபினில் ஏறி ஸ்டீரிங்கைப் பார்த்தேன். வெறுமனே இருந்தது. சரி, துணி ஏதும் இல்லை என்று சாவியைப் போட்டேன்.

"இருடா சேவி!" என்று அக்கா ஓடி வந்தாள். வண்டி சத்தத்தைக் கேட்க வேண்டுமென்று வந்திருந்தாள். முந்தானையிலிருந்து ஒரு துணியை எடுத்தாள்.

"உன் மாமா சட்டடா. அவுரு போனப்பறம் வண்டில கெடந்த சாமான எட்த்துகினு போக வந்தப்போ இங்க ஸ்டீரிங்ல கட்டி இர்ந்துச்சு. வேர்வ தொடைக்க வெச்சிருப்பாருன்னு நான் எட்த்துகினேன். இத்தினி நாளும் தலகாணி அடியிலதான் கீது. தொவைக்கக் கூட இல்ல. வண்டி கெளம்பும்போது அதே எடத்துல இர்க்கட்டும்."

நீலக் கட்டம் போட்ட சட்டை. பாக்கெட் இருக்கிற பாதி. ஓரம் கத்தரித்தது இல்லை, கையால் கிழித்தது.

சாவியை உருவிக் கீழே குதித்தேன். கிளாம்பைக் கழற்றி ஃபில்டர் குழாய்க்குள் கையை விட்டேன்; எட்டவில்லை. கம்பியை வளைத்து விட்டு இழுத்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம், குடோன் எலி நுழையாதபடி ஆழமாகத் திணித்திருந்தாய். காலர் முதலில் வந்தது. பிறகு பட்டன்கள், தூசியோடு முழுப் பாதியும். சாவியைத் திருப்பியிருந்தால் டர்போ அதை இழுத்துச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அந்த நிமிஷமே செத்திருக்கும்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சட்டத்தை, சண்டையை, டீக்கடையை, எல்லாவற்றையும். அவள் ரெண்டு பாதியையும் மடியில் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வண்டிக்கு சாவி யார் யார்கிட்ட கீது?" என்று கேட்டாள்.

"மாமாகிட்ட ஒண்ணு. என்கிட்ட ஒண்ணு."

"அப்போ யாருக்குடா கட்னாரு இத்த?"

சாவியைத் தொடாதே என்ற வாயோடு, இவன் எப்படியும் தொடுவான் என்றுதானே உன் சட்டையைக் கிழித்துக் கட்டினாய், மாமா? டீக்கடையில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே நேரத்திலா கட்டினாய்?

"எந்திரி. நீயே எடு" என்றாள் அக்கா.

டீசல் வராதபடி ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்து, எண்ணெய் ஏறுகிறவரை செல்ஃப் ஸ்டார்ட்டரை மட்டும் அடித்தேன். பிறகு கம்பியை விட்டேன். ஒரு இருமல், ரெண்டு இருமல், அப்புறம் பிடித்துக்கொண்டது. புகை சுத்தம். காலடிப்பேட்டை வரை போய்த் திரும்பினோம். அக்கா உன் இடத்தில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாள். குடோன் வாசலில் நிறுத்தியதும் என் கை பழக்கதோஷத்தில் ஸ்டாப் கம்பிக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"இன்னாடா, அணைக்கலியா?"

"ரெண்டு நிமிசம்க்கா. டர்போ ஆறணும்."

அப்போதுதான் அழுதாள். உன்னை அடக்கம் செய்தபோதுகூட அப்படி அழவில்லை. எஞ்சின் ஓடுகிற சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. நானும் அழுதேன்.

பாக்கெட் வைத்த பாதியை அக்கா எடுத்துக்கொண்டாள். காலர் பாதி என்னிடம் இருக்கிறது. இனி இந்த வண்டியை எங்கே நிறுத்தினாலும் ரெண்டு நிமிஷம் ஓடவிட்டுத்தான் அணைப்பேன். அந்த ரெண்டு நிமிஷமும் உன்னோடு பேசுவேன். பேசாமல் விட்ட நாலு நாளை அப்படித்தான் நான் தீர்க்க முடியும்.

சாவியைத் தொட்டுவிட்ட
உன் மச்சான்,
சேவியர்