பன்னிரண்டு புள்ளி நான்கு

ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். அம்மாவுக்குத் தோள்வலி விட்டுவிட்டது. குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்தியது, பிளம்பர் மூன்று முறை வந்து மண்டையைச் சொறிந்துவிட்டுப் போனார், நான்காவது முறை அவருடைய மனைவி வந்து ஐந்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டார், அவரும் பிளம்பராம், நமக்குத்தான் தெரியாமல் போயிற்று. போனில் பேசுவதை விட்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய், நடுவில் அம்மா பிடுங்கிக்கொள்வாள். இது முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய விஷயம். கூடவே உனக்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்கு இந்த நாக்கு புரள மாட்டேன் என்கிறது, பேனாதான் கொஞ்சம் பரவாயில்லை.

முழங்கால் போய் கூரியர் வேலையை விட்டபின் ஆறு மாதம் நான் வீட்டில் எப்படிக் கிடந்தேன் என்பது உனக்குத் தெரியும். நாற்காலி, ரிமோட், அம்மாவோடு சண்டை, மறுபடி நாற்காலி. நீ அங்கே உட்கார்ந்துகொண்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், மருத்துவ உதவியாளர் படிப்புக்கு என் பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்டாய். நான் கத்தினேன், "அம்பத்தோரு வயசுல எவன்டி பள்ளிக்கூடம் போவான், என்னைப் பாத்து நாலு பேரைச் சிரிக்க வைக்கப் பாக்கறியா" என்று. நீ குரலைக்கூட உயர்த்தவில்லை. "இருபத்திரண்டு வருஷமா தெரியாதவங்க வீட்டுக் கதவைத் தட்டி, அவங்க பொருளைப் பத்திரமா அவங்க கையில குடுத்தீங்கல்லப்பா, அந்தக் கவனம் இருந்தா போதும், மத்ததைச் சொல்லிக் குடுப்பாங்க" என்றாய். நான் போனை வைத்துவிட்டு நாலு நாள் உன்னோடு பேசவில்லை. அந்த நாலு நாளுக்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வகுப்பில் முப்பது பேர், எனக்கு அடுத்த மூத்தவருக்கு இருபத்தெட்டு வயது. முதல் நாளே எனக்குக் கூரியர் அங்கிள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் பாடம் கை கழுவுவது. இதுக்கு ஒரு படிப்பா என்று உள்ளுக்குள் சிரித்தேன். ஆசிரியை எல்லார் கையிலும் ஒரு பசையைத் தடவி, கழுவச் சொல்லி, பிறகு ஊதா விளக்கின் கீழ் நீட்டச் சொன்னார். எங்கெங்கே அழுக்கு போகவில்லையோ அங்கெல்லாம் மின்னுமாம். என் இரண்டு கட்டைவிரலும் விளக்குப் போட்ட மாதிரி ஜொலித்தன. கட்டைவிரலைக் கழுவாமலே அரை நூற்றாண்டு ஓட்டியிருக்கிறேன் மகளே. எலும்பு பெயர், நரம்பு பெயர் ஒன்றும் வாயில் நுழையாமல் தவித்தபோது நீ தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் போனில் கேள்வி கேட்டுக் கேட்டு மண்டையில் ஏற்றினாய். ரத்த அழுத்தம் பார்க்கப் பழகியது அம்மாவின் கையில். "மூணு மாசமா அமுக்கி அமுக்கி, இது கையா, பிழிஞ்சு போட்ட துணியா" என்று புலம்பிக்கொண்டே தினமும் நீட்டினாள். பட்டை கட்டியிருக்கும்போது பேசினால் எண் கூடும் என்பது பாடம். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் பேசாதே என்று நான் தைரியமாகச் சொன்னது அப்போதுதான்.

க்ளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு கூத்து நடந்தது. அம்மாவின் மாடி வீட்டுத் தோழி அங்கே வந்துபோனதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. அவளே வந்து அம்மாவிடம் சொன்னபோது வீட்டில் இரண்டு நாள் ஊமைப்படம். கட்டின பெண்டாட்டியிடமே மறைக்கிற ஆள் என்று எனக்குப் பட்டம். மூன்றாம் நாள் பார்த்தால், இவளே அந்தத் தோழியிடம், "எங்க வீட்டுக்காரர் வாயைக் கடப்பாரை வச்சு நெம்பினாலும் ஒரு வார்த்தை வராது, நீ தைரியமா போ" என்று பெருமையடித்துக்கொண்டிருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, எங்கும் காய்ச்சல், காத்திருக்கும் அறையில் நிற்க இடமில்லை. ஒரு தாய் நாலு வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யார், எந்தத் தெரு என்று கேட்காதே. உன்னிடம் இதைச் சொல்லலாமா என்று தலைமை நர்ஸிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், "உங்க தப்பை யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கங்க, அவங்க யாருன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார். ஆமாம், தப்பு என்னுடையது. குழந்தையை எடை மெஷினில் நிறுத்தினேன், பன்னிரண்டு புள்ளி நான்கு. கம்ப்யூட்டரில் வேறொருவர் உட்கார்ந்திருந்ததால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அடுத்து ஒரு முதியவர் மயக்கமாக வருகிறது என்றார், அவரைப் படுக்க வைத்துவிட்டு ஓடிவந்து நினைவிலிருந்து தட்டினேன். இருபத்தொன்று புள்ளி நான்கு என்று தட்டியிருக்கிறேன்.

மதியம் சாப்பிட உட்காருமுன் பைகளைக் காலி செய்வது வழக்கம், நோயாளி விவரம் உள்ள ஒரு சீட்டும் வீட்டுக்கு வரக் கூடாது, அங்கேயே மெஷினில் போட்டு நறுக்கிவிட வேண்டும். அந்தச் சீட்டை உள்ளே விடப் போனவன் எண்ணைப் பார்த்து நின்றேன். திரையில் போய்ப் பார்த்தேன். அங்கே இருபத்தொன்று புள்ளி நான்கு. குழந்தைகளுக்கு மருந்து எடைக்குத் தகுந்த அளவு, அந்தத் தப்பு எடையைப் பார்த்தே டாக்டரம்மா காய்ச்சல் மருந்து எழுதிக் கொடுத்து, அவர்களும் போய்விட்டிருந்தார்கள். அந்தக் காய்ச்சல் மருந்தைக் கிட்டத்தட்ட இருமடங்கு, தினம் நாலு வேளை, மூன்று நாள் கொடுத்தால் கல்லீரலையே கெடுக்கலாம். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். திரையில் இரண்டு எண்ணை மாற்றிப் போட்டுவிட்டுச் சீட்டை நறுக்கிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அறையில் வேறு யாரும் இல்லை. கை விசைப்பலகைவரை போனது. அந்தக் கையைப் பார்த்து எனக்கே அருவருப்பாகிவிட்டது, சீட்டை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரம்மா அறைக்குப் போனேன்.

டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். சீட்டை நீட்டி, "நான் எடையைத் தப்பா ஏத்திட்டேன் டாக்டர்" என்றேன். அவர் ஒரு நொடிகூடத் திட்டவில்லை, டப்பாவைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தார். தாயின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மருந்துக் கடையில் கேட்டால், வாங்கிப் போய் அரை மணி ஆயிற்று என்றார்கள். முகவரியைக் காட்டி, "இது எங்க இருக்குன்னு தெரியுமா" என்று கேட்டார். அந்தக் கட்டடத்தில் எத்தனை பார்சல் கொடுத்திருக்கிறேன், பின்பக்க வழியாகப் போனால் ஏழு நிமிடம். "போறேன்" என்றேன். "போனதும் எனக்கு அடிங்க, நானே பேசுறேன், அளவு எதையும் நீங்க சொல்லாதீங்க" என்றார். அதுவும் பாடத்தில் உண்டு, மருந்தின் அளவைச் சொல்வது நம் வேலை இல்லை.

மூன்றாவது மாடி. லிஃப்டில் வேலை நடக்கிறது என்று அட்டை தொங்கியது. படி ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்த முழங்காலோடு கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினேன், ஒவ்வொரு படியிலும் அந்த வாசல் இன்னும் தூரப் போவது போல இருந்தது. கதவைத் தட்டினேன். தாய் திறந்தாள், கையில் சின்ன அளவுக் கோப்பை, அதில் மருந்து ததும்பியது. பின்னால் சோபாவில் குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அரை மணி நேரமாகப் போராட்டமாம், ஒரு சொட்டு உள்ளே போகவில்லை, அந்தக் கலாட்டாவில்தான் போன் அடித்ததும் கேட்கவில்லை. அந்தப் பிடிவாதக்காரிக்கு என் முதல் நன்றி. எனக்கு மூச்சே வரவில்லை, கையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றேன். பிறகு சொன்னேன், "எடையைத் தப்பா எழுதினது நான்தாம்மா, அளவு கூடிப்போச்சு, இதைக் கொடுக்காதீங்க, டாக்டர் பேசுறாங்க" என்று போனை நீட்டினேன். அவள் பேசி முடித்து, கோப்பையைக் கழுவி, சரியான அளவை ஊற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உங்களை நம்பித்தானேங்க புள்ளைய ஏத்தி நிறுத்தினேன்" என்றாள். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். அதட்டியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்தேன், ஏறியதைவிட இறங்கியதுதான் வலித்தது.

வேலை போய்விடும் என்றே நினைத்தேன். நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதித் தலைமை நர்ஸிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். "இதை மறைச்சிருந்தா இன்னிக்கே அனுப்பியிருப்பேன். சொல்லிட்டீங்க, அதனால நாளைக்குச் சரியா ஒன்பதுக்கு வந்துடுங்க" என்றார். டாக்டரம்மா, "எழுதினது உங்க தப்பு, எதிர்ல அவ்ளோ ஒல்லியா உக்காந்திருந்த குழந்தையப் பாத்தும் அந்த எண்ணை நம்பினது என் தப்பு" என்று தன் பெயரையும் அந்தத் தாளில் சேர்க்கச் சொன்னார். மறுநாளிலிருந்து எங்கள் க்ளினிக்கில் எடை பார்த்தால் உரக்கச் சொல்ல வேண்டும், கூட வந்தவரும் எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும், மெஷின் பக்கத்திலேயே நின்று பதிய வேண்டும், சட்டைப்பைச் சீட்டு கிடையாது. நான் அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கால் வலி என்று மட்டும் சொன்னேன். அவள் ஒன்றும் துருவவில்லை, வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து முழங்காலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இவளுக்கு நான் என்ன நன்றி சொல்லி முடிப்பேன்.

போன வியாழக்கிழமை அந்தத் தாய் குழந்தையோடு மறுபடி வந்தாள். காய்ச்சல் விட்டுப் பல நாளாயிற்று, சும்மா ஒருமுறை காட்டிவிட்டுப் போக. அவளைப் பார்த்ததும் நான் கோப்புகளை அடுக்குவதுபோல அலமாரிப் பக்கம் ஒதுங்கினேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி குழந்தையை வாங்கப் போனாள். தாய் கொடுக்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்து, "அவரே பாக்கட்டும்" என்றாள். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன், கட்டைவிரலையும் சேர்த்து. குழந்தையை மெஷினில் நிறுத்தினேன். நான் வாயைத் திறக்குமுன் தாய் குனிந்து பார்த்து, "பன்னிரண்டு புள்ளி ஒன்பது" என்றாள். நானும் சொன்னேன், பன்னிரண்டு புள்ளி ஒன்பது. அங்கேயே நின்று பதிந்தேன். அரை கிலோ கூடியிருக்கிறாள் என்று நான் சொன்னதும் அந்தத் தாய் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் திரை கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிந்தது. நீ அந்த விண்ணப்பத்தைப் போட்டிராவிட்டால் இந்த வயதில் எனக்கு இப்படியொரு நாள் வாய்த்திருக்குமா சொல். இதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

நீ நீடூழி நலமாக, நிம்மதியாக இரு. உன் கைபட்ட காரியமெல்லாம் நல்லபடி நடக்கட்டும், அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள், அத்தோடு தலையில் எண்ணெய் வைக்கச் சொன்னாள். ஒன்று மறக்காதே, போன வாரம் போனில் உன் இருமல் எனக்குப் பிடிக்கவில்லை, இந்த வாரமே போய் டாக்டரைப் பார். அங்கே டாக்டரைப் பார்க்குமுன் ஒருவர் உன்னை உட்கார வைத்துப் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்பார். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாமல் நிறுத்தி நிதானமாகச் சொல். எழுந்து வரும்போது அவருக்கு ஒரு நன்றியும் சொல்லிவிட்டு வா.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்
அப்பா