தலையாட்ட வேண்டாமென்று சொன்னவருக்கு

பசறை பஸ்ஸில் இன்று யாரோ யூக்கலிப்டஸ் தைலப் போத்தலைத் திறந்தார்கள். உங்கள் ஞாபகம்தான், மேடம். பதுளைக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் நீங்கள் கைலேஞ்சியில் நனைத்து வைத்திருந்த வாசம். நீங்கள் இல்லாமற்போன பிறகும் அதற்கு நான் நிமிர்ந்து உட்காருகிறேன்.

அப்போது என் மகள் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. புதியவர்களைப் பழக்கிவிடும் பொறுப்பு உங்களுடையது. முதல் வகுப்பில் அவள் பாதியிலேயே வெளியே வந்துவிட்டாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. "வேலைய விட்டுர்றேம்ப்பா" என்றாள். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து அவ்வளவு உயரம் ஏறியவள் விழுந்தால் எங்கே போய் விழுவாள்? தைரியம் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே வீட்டுக்கு வந்தீர்கள். "இஞ்ச ஒருக்கா படிப்பிச்சுப் பாப்பம். அப்பாதான் மாணவன்." ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு நேரே பல்கலைக்கழகம்!

அவள் 'நியம விலகல்' என்று ஏதோ தொடங்கினாள். நான் மும்முரமாகத் தலையாட்டினேன். காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கவைத்துத் துரை வேலை சொல்லும்போது ஆட்டிப் பழகிய தலை. விளங்கினால் ஆடும், விளங்காவிட்டால் இன்னும் வேகமாக ஆடும்.

"ஐயா, இப்ப அவ என்ன சொன்னவ?" என்று கேட்டீர்கள்.

"நல்லாத்தாங்க சொன்னிச்சு."

"அதில்லை. என்ன சொன்னவ?"

திரும்பவும் தலையை ஆட்டினேன்.

"நீங்கள் இப்பிடி ஆட்டினா பிள்ளை கெட்டுப்போகும். விளங்கேல்லையெண்டா சொல்லுங்கோ." அவள் பக்கம் திரும்பினீர்கள். "நீரும் அப்பான்ர முகத்தைப் பாத்தனீரோ? சுவரோடதானே கதைச்சுக்கொண்டு நிண்டனீர்."

சொன்னேன். "வெளங்கலம்மா."

அவள் முகம் வெளுத்தது. பெற்றவனே அவள் வேலைக்கு உலை வைத்துவிட்டேனே என்று எனக்கு வேர்த்தது. நீங்களோ உதவிக்கு வராமல் மூக்கைத் துடைத்துக்கொண்டு இருந்தீர்கள். கடைசியில் அவள் சுவரை விட்டு என்னைப் பார்த்தாள்.

"எதுலருந்துப்பா வெளங்கல?"

"மொதல்லருந்தே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பத் தொடங்கினாள்.

மறுநாள் அவள் வகுப்பு முடியும்வரை பல்கலைக்கழக வாசலில் நின்றேன். கடைசி பெஞ்சில் நீங்கள் இருந்தீர்களாம். "ஒருத்தன் வெளங்கலன்னு எந்திரிச்சாம்ப்பா" என்றாள்.

"ஐயையோ. அப்புறம்?"

"எதுலருந்துன்னு கேட்டேன்."

இன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் என் நெஞ்சுப் படத்தைக் காட்டி வேகமாக ஏதோ சொன்னார். தலை ஆடத் தொடங்கிவிட்டது. பிடித்து நிறுத்தினேன். "வெளங்கலீங்க" என்றேன். அவர் பொறுமையாக முதலிலிருந்து சொன்னார்.

இந்தமுறை நன்றாக விளங்கிவிட்டது, மேடம். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. எதிலிருந்து தொடங்குவதென்றுதான் தெரியவில்லை.