குத்தகை நிலத்தில் சொட்டிய தண்ணீர்

காய்ச்சிய ஊசி கறுப்பு டியூப்பில் இறங்கும்போது வரும் பிளாஸ்டிக் கருகிய நாற்றம் இன்று காலை என் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டது. அஞ்சுகிராமம் பக்கம் தங்கபாய் அக்கா குத்தகைக்கு எடுத்த கத்தரித் தோட்டத்தில் சொட்டுநீர் டியூப்புக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நீ இல்லை. அழுகை வரவில்லை எனக்கு, கோபம்தான் வந்தது.

ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள் நாம். சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் சொட்டுநீர் முறையை வயலில் சோதிக்க வேண்டும். வற்றாத கிணறும் கம்பிவேலியும் உள்ள ஒரு பெரிய தோட்டத்தைத் தலைவர் கூட்டத்தில் முன்வைத்தார். பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் வசதியாம். நீ எழுந்தாய். கோபம் வந்தால் உனக்கு உன் ஊரான கருங்கலின் பேச்சு தானாக வந்துவிடும்.

"தண்ணி கெடக்க எடத்துல என்னத்துக்கு சார் தண்ணிய மிச்சம் பிடிக்கணும்? எனக்கு தங்கபாய் அக்காவுக்க குத்தகை நெலம்தான் வேணும்."

சோதனையையே நிறுத்திவிட்டார்கள். நீ விடவில்லை. விடுமுறை நாட்களில் அக்காவின் நிலத்துக்குப் போய், பழைய டிரம் ஒன்றை மேடை கட்டி ஏற்றினோம். கிணற்றின் உப்புத் தண்ணீர் கடையில் வாங்கிய, சொட்டுவிடும் ட்ரிப்பர் மூடிகளை அடைத்துவிட்டது. நீ டியூப்பில் வெறும் துளை போட்டு, அதன்மேல் இன்னொரு டியூப் துண்டை வளையம்போல் மாட்டினாய். அடைத்தால் வளையத்தை நகர்த்தித் துடைத்தால் போதும்.

பிறகு உன் வயிற்றில் கட்டி என்றார்கள். சிகிச்சைக்கு நடுவிலும் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாய். உட்காரச் சொன்ன அக்காவிடம், "நான் சாவ வரல்ல அக்கா, டியூப் பாக்க வந்தேன்" என்று சிரித்தாய். என்னிடம் மட்டும், "ஏட்டி, நான் போனா இத மூடிப் போடுவாவ. விட்டிராத" என்றாய். கோடைக்கு முன்பே போய்விட்டாய்.

அந்தக் கோடையில் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கியது. கடைசி வரிசையில் பாதி பட்டுப்போயிற்று. மற்றதெல்லாம் காய்த்தது. அக்கம்பக்கத்தவர்கள் வந்து டியூப்பைப் புரட்டிப் பார்த்தார்கள்; செய்தி நிலையத்துக்கும் எட்டியது. "அந்தப் பிள்ள இருந்து பாத்திருக்கணும்" என்றாள் அக்கா.

போன வாரம் தலைவர் கூட்டம் போட்டார். நம் முறையை அந்தப் பெரிய தோட்டத்தில் காட்சிக்கு வைக்கப்போகிறார்களாம். எனக்குக் கூட்டத்தில் பேச வராது, உனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்தேன்.

"இது குத்தகை நெலத்துல வெளஞ்சது சார். அடுத்ததும் குத்தகை நெலத்துலதான் போடணும்."

"இரிங்கம்மா, பொறவு பேசலாம்" என்றார் தலைவர்.

நான் உட்காரவில்லை. கடைசியில் அவர், இடத்தை நானே சொல்லலாம், தோற்றால் பொறுப்பும் என்னுடையது என்றார். இருக்கட்டும். உன் பிடிவாதத்தில் பாதியாவது என்னிடம் வந்திருக்கிறது. யார் சொல்லியும் அதை நான் இறக்கிவைக்கப் போவதில்லை.