குடம் உருண்ட சண்டை

வெள்ளிக்கிழமை, இரவு

இந்த டைரி யார் கையில் கிடைத்தாலும், கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள்.

மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா அக்காவும் அவர் கணவரும் உளவுத்துறை. எதிர்க் கிடங்கில் வெடிகுண்டு செய்பவர்களைப் பிடிக்க வந்தவர்கள். மொட்டைமாடியில் அவர்கள் பேசியதைக் கேட்டுவிட்டேன்.

இன்று தண்ணீர் லாரி அருகே சண்டை போட்டார்கள். "குடிச்சிட்டு வந்துகினு என்னாண்ட சவுண்டு வுடுறியா?" என்று அக்கா குடத்தை எறிந்தார். அது கிடங்குக்குள் உருண்டது. எடுக்கப் போன அக்காவின் கணவர் உள்ளே எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தள்ளாடியபடியே திரும்பினார். தெருவே சிரித்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

பிறகு கிடங்குக்காரன் என்னிடம், "இன்னா பாப்பா, அதுங்க நெஜமாவே புருசன் பொண்டாட்டியா?" என்றான்.

"தெனம் இதே பேஜாருதான்ணா."

சொல்லும்போதே என் கண் மாடிப் பக்கம் போனதை அவன் பார்த்தான்.

அக்காவிடம் சொன்னேன். "ராத்திரி யார் தட்டினாலும் திறக்காதே. நான் என்றால் உன் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்" என்றார்.

அம்மாவுக்கு இன்று நைட் டூட்டி. கதவைத் தட்டுகிறார்கள். பேர் சொல்லவில்லை