புளி ஜாடியில் நாலு பிளக்

அத்தை,

புதுப்புளி வந்திருக்கிறது. கொட்டை எடுத்து, உப்புப் போட்டு அடைக்கலாம் என்று உங்கள் பெரிய ஜாடியை இன்று காலை கவிழ்த்துக் கழுவினேன். அடியில் அந்தத் துருக்கறை அப்படியே இருக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், தேங்காய் நாரால் தேய்த்தேன், போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கப்போவதில்லை.

இரண்டாயிரம் பிறக்கப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம். மாந்தோப்புச் சரிவில் நிறுத்திய பிக்கப் பின்னால் உருண்டு உங்கள் மூத்த மகனின் வலது காலை நசுக்கியது. பழைய பெட்ரோல் ஜீப்பின் பின்பக்கத்தை வெட்டித் தொட்டி கட்டிய வண்டி. மாவுக்கட்டோடு அவர் கட்டிலில் கிடந்தார், வண்டி வாசலில் கிடந்தது. நீங்கள் அதன் பக்கம் திரும்பவே மாட்டீர்கள். "எம் மகன் காலத் தின்ன சனியன். இத வித்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்றீர்கள். நான் ஓட்டுகிறேன் என்றேன். தென்னந்தோப்புக்குள் அவரே எனக்குப் பழக்கிவிட்டிருந்தார், லைசென்ஸும் கையில் இருந்தது. "நாளைக்கு உன்னையும் தூக்கிட்டு வரணுமா?" என்று கேட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மாங்காய்க் காலம் தொடங்கிவிட்டது. ஜெயமங்கலத்திலிருந்து பெரியகுளத்துக்கு லோடு அடித்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு. வண்டி போனால் நானும் அவரும் கொழுந்தன் வீட்டு உலையை எதிர்பார்த்து நிற்க வேண்டும்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு வீடே கிளம்பியது. மறுநாள் வண்டியைப் பார்க்கப் புரோக்கர் வருவதாகப் பேச்சு. அவருக்குத் துணையாக இருக்கிறேன் என்று சொல்லி நான் நின்றுகொண்டேன். நல்ல மருமகள் என்று பஸ்ஸில் நாலு பேரிடம் சொன்னீர்களாம்.

நீங்கள் தெருமுனை தாண்டியதும் பானெட்டைத் தூக்கினேன். விபத்துக்கு முந்தின வாரம்தான் அவர் எஞ்சினின் நாலு ஸ்பார்க் பிளக்கையும் புதிதாக மாற்றியிருந்தார். கழற்றிய பழசு, கரி பிடித்து, பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. புதுசைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டுவதுதான் என் திட்டம். வண்டி ஓடாவிட்டால் எவன் வாங்குவான்? ஸ்பேனரை எடுக்க அறைக்குள் போனேன். உங்கள் மகன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

"நாலு வயரையும் ஒண்ணா உருவிராத. ஒண்ணக் கழட்டி, அத மாட்டிட்டு அடுத்ததுக்குப் போ. வயர் மாறிப்போச்சுன்னா பெறகு நம்மளாலயே ஸ்டார்ட் பண்ண முடியாது" என்றார்.

தாயை எதிர்த்து அவர் செய்தது அவ்வளவுதான்.

மூன்றாவது பிளக் இறுகிப்போயிருந்தது. அழுத்திய அழுத்தலில் விரல் முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தது. பழசில் இரண்டின் முனையை அம்மிக்குழவியால் தட்டி, பொறி வராதபடி இடைவெளியை மூடினேன். எல்லாம் மாட்டிச் சாவியைத் திருப்பினால் வண்டி இருமியது, நடுங்கியது, நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். புது பிளக் நாலையும் துணியில் சுற்றி, உங்கள் பெரிய ஜாடியில் புளிக்கு அடியில் புதைத்தேன். ஆடிக்கு முன்னால் அதை நீங்கள் தொடமாட்டீர்கள் என்று என் எண்ணம். உப்பும் புளியும் சேர்ந்து இரும்பை என்ன செய்யும் என்று, தினமும் குழம்பு வைக்கிற எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

மறுநாள் வந்த புரோக்கர் நாலு தடவை சாவியைத் திருகினார். டயரை உதைத்தார். "மிஸ்ஸிங் அடிக்குது. எஞ்சின் போச்சு. பொம்பள ஓட்டிப் பழகுன வண்டின்னு சொன்னாக, வேற எப்பிடி இருக்கும்? எடைக்கு வேணா எடுத்துக்கிறேன்" என்றார். நான் உள்ளே நின்று, இந்த ஆள் போனால் போதும் என்று இருந்தேன். நீங்கள்தான் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தீர்கள்.

"எம் மகன் ஆசப்பட்டு வாங்குன வண்டி. பழைய இரும்பு வேணும்னா வேற தெருவுல போய்க் கேளு. இங்கன நிக்காத."

அதுவரை சனியனாக இருந்தது, அந்த நிமிஷத்தில் மகனின் வண்டி ஆகிவிட்டது.

இன்னொரு புரோக்கர் வந்தாலும் வருவார் என்று நான் பிளக்கை எடுக்காமல் விட்டேன். ஒரு வாரம் போனது. திருவிழா விருந்தாளிகளால் சின்ன ஜாடி காலியாகி, நீங்கள் பெரிய ஜாடியில் கை விட்டிருக்கிறீர்கள். நான் துணி துவைத்துவிட்டு வரும்போது அடுப்படியில் உட்கார்ந்திருந்தீர்கள். எதிரே முறத்தில் நாலு பிளக், மரை முழுக்கத் துரு.

"இது என்னத்தா?"

"பிளக்கு."

"இது இருந்தா வண்டி ஓடுமா?"

"ஓடியிருக்கும். இப்ப ஓடாது."

தப்புத்தான் என்று ஒரு வார்த்தை சொல்வேன் என்று பார்த்தீர்கள். நான் சொல்லவில்லை. ஒரு பிளக்கை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனீர்கள். பெரியகுளத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், ஆம்பிளைகளுக்கு நடுவில் முடிச்சை அவிழ்த்து, "இது மாதிரி நாலு குடு" என்றீர்களாம். எந்த வண்டிக்கு என்று கேட்டதற்கு, "எம் மருமக ஓட்டுற வண்டிக்கு" என்றீர்களாம். கடைக்காரர் பின்னாளில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் நீங்கள் சொன்னது வேறு.

"இதையாவது புளியில போடாம வண்டியில போடு. ஆனா ஒண்ணு, எம் மகன் இதுல இனி ஏறவே கூடாது."

நான் சத்தியம் செய்யவில்லை. அவர் செய்தார். நான் லோடோடு போகும்போது அவர் பஸ் நிறுத்தத்தில் கம்பை ஊன்றி நிற்பார். தேனி ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான் போனார். அதற்காக உங்கள் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் தை மாதம் நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து, எதிர்த்துப் பேச ஆளில்லாமல் வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

நேற்று கொழுந்தன் வந்து, "பெட்ரோல் விக்கிற விலையில இத எதுக்கு வச்சிருக்கீக மதினி? எடைக்குப் போட்ருங்க" என்றான். நீங்கள் புரோக்கருக்குச் சொன்னதையே அவனுக்கும் சொன்னேன். இன்று ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாலு புது பிளக்கோடு பானெட்டைத் தூக்கினேன். மூன்று மாட்டியிருப்பேன், பின்னால் கம்பு ஊன்றும் சத்தம். உங்கள் மகன் கை நீட்டினார். நாலாவதை அவர் மாட்டினார். கால் நசுங்கியதற்குப் பிறகு, இந்தப் பதினோரு வருஷத்தில் இன்றுதான் அந்த வண்டியைத் தொட்டார்.

வீரபாண்டியில் திருவிழா, அத்தை. நீங்கள் இல்லாத முதல் திருவிழா. பஸ்ஸில் போக வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உள்ளே வேட்டி மாற்றிக்கொண்டிருக்கிறார். அவர் சத்தியத்தை நான்தான் முறிக்க வைக்கிறேன், பழி என் மேலேயே இருக்கட்டும். அன்று வாசலில் முந்தானையை உதறிச் செருகினீர்களே, அதை நான் எடுத்துக்கொண்டேன். பயத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஏறுவதற்கு வண்டியின் இடது பக்கக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். கோபம் என்றால் வந்து சாத்துங்கள். கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன்.